கயல் எண்ணியது

சுவர் நடுங்குகிறது. முதுகை அதில் சாய்த்திருக்கிறேன். நடுக்கம் பல் வரைக்கும் வருகிறது. பக்கத்து அறையில் கண்ணாடி உடைந்து கொட்டுகிறது. பிறகு ஒரு விசில் சத்தம். அது நீள்கிறது.

"படுங்க! எல்லாரும் கீழ படுங்க! சன்னல் பக்கம் தலையத் தூக்காதீங்க!"

கத்துவது என் வீட்டுக்காரர் செல்வராசு. நான் கயல் மேல் கவிழ்ந்து படுத்திருக்கிறேன். கயல் என் மகள். ஐந்து வயது. எனக்கு அடியில் அவளுடைய வலது கை மட்டும் அசைகிறது. தரையில் துழாவி ஒரு சோடா மூடியை எடுக்கிறாள். டம்ளருக்குள் போடுகிறாள். டிங்.

"பதினாலு," என்கிறாள்.

அது 2023. சூடான் நாட்டுத் தலைநகரம் கார்த்தூம். ஆற்றுக்கு வடக்கே பஹ்ரி என்ற பகுதி. இரண்டாம் மாடி வீடு. சித்திரை பிறந்த மறுநாள் காலையில் ராணுவத்துக்கும் துணைப்படைக்கும் சண்டை தொடங்கியது. சனிக்கிழமை. முந்தின நாள் வைத்த பாயசம் மிச்சம் இருந்தது.

நாங்கள் கொல்லிமலைக்காரர்கள். நான் பூங்கொடி, வளப்பூர் நாடு. அவர் திண்ணனூர் நாடு. எங்கள் மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது. மலையை விட்டு இறங்கி ரிக் லாரியில் வேலைக்குச் சேர்ந்தவர். லாரி ஆப்பிரிக்காவுக்குப் போனது. அவரும் போனார். பிறகு எங்களையும் கூப்பிட்டுக்கொண்டார். போர் போடும் வேலை. எங்கள் பக்கம் போர் என்றால் ஆழ்துளைக் கிணறு. அந்தச் சொல்லை வேறு எதற்கும் நாங்கள் பயன்படுத்தியதில்லை.

வீட்டில் சன்னல் இல்லாத இடம் ஒன்றுதான். அறைகளுக்கு நடுவே இருந்த நடை. கை இரண்டையும் விரித்தால் இரு சுவரையும் தொடும். அங்கேயே இருந்தோம். எதிர்வீட்டு அமீனாவும் வந்துவிட்டாள். அவள் தையல்காரி. புருஷன் இல்லை. கூடவே அவள் மகள் ஹிபா. கயலைவிட ஒரு வயது மூத்தவள். அவர்கள் வீட்டுச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

பள்ளிக்கூடங்களை மூடிவிட்டார்கள். கரண்ட் இல்லை. குழாயில் தண்ணீர் இல்லை. பிள்ளைகள் எழுந்து ஓடக் கூடாது. ஓடினால் சன்னலுக்கு நேராகப் போய்விடுவார்கள். அவர்கள் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் ஆரம்பித்தேன். படிப்புக்காக அல்ல.

மைசூர்ப் பருப்பையும் அந்த ஊர் மொச்சையையும் கலந்து வைத்தேன். பிரிக்கச் சொன்னேன். பிரித்தார்கள். மறுபடி கலந்தேன். தட்டில் கோதுமை மாவைப் பரப்பினேன். கயல் விரலால் அ எழுதினாள். ஹிபா அரபியின் முதல் எழுத்தான அலிஃப் எழுதினாள். மாவு ரொட்டிக்கு வேண்டியிருந்தது. மறுநாளிலிருந்து பூந்தொட்டி மண். துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் டம்ளர் கட்டினேன். தராசு ஆயிற்று. ஒரு வெங்காயத்துக்கு எத்தனை பொத்தான் சமம் என்று பார்த்தார்கள். பொத்தான் அமீனா கொடுத்தது. அவற்றை நூலில் கோர்த்தார்கள். சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. ஹிபாவுக்குத் தமிழில் ஒண்ணு, ரெண்டு, மூணு வந்தது. சுவர் நடுங்கினால் நிறுத்துவார்கள். நின்றதும் தொடர்வார்கள்.

மூடி போடும் விளையாட்டைக் கயலே கண்டுபிடித்தாள். துப்பாக்கி சோளம் பொரிவது போல இருக்கும். அதற்கு மூடி இல்லை. விமானம் தகரத்தைக் கிழிப்பது போல இருக்கும். அதற்கும் இல்லை. குண்டு விழுந்தால் மட்டும் ஒரு மூடி. அதுவரை அவளுக்குப் பத்து வரைக்கும்தான் தெரியும். பதினொன்றிலிருந்து அந்த நடையில் கற்றாள்.

ஒரு காலையில் சத்தம் நின்றது. குடிக்கத் தண்ணீர் இல்லை. ஆறு பக்கத்துத் தெருவுக்கு அப்பால். அவரும் அமீனாவும் கேன்களை எடுத்துக்கொண்டார்கள்.

"ஆத்துக்குப் போயிட்டு வந்தர்றேன். யார் தட்டுனாலும் கதவத் தொறக்காத," என்றார்.

அமீனா தன் மகளிடம் அரபியில் ஏதோ சொன்னாள். எனக்கு அந்த அளவுக்கு அரபி தெரியும். நான் வரும் வரை கயலின் அம்மா பேச்சைக் கேள் என்றாள்.

ஒரே ஒரு குண்டு. மிகவும் பக்கத்தில். கயல் மூடி போட்டாள். எண் சொன்னாள். அந்த எண் என் காதில் விழவில்லை.

பிள்ளைகள் பருப்பைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து பிரித்தேன். வெயில் ஏறியது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். தன் பெயரைச் சொன்னார். திறந்தேன். எங்கள் நீலக் கேன் அவர் கையில் இருந்தது. பாதி தண்ணீர் இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கேனை வாங்கிக்கொண்டேன். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைத்தேன். இரண்டு பிள்ளைகளும் சாப்பிட வேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. உப்புப் போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

கட்டடத்துக்குப் பின்னால் ஒரு மைதானம். அதன் ஓரத்தில் அவரையும் அமீனாவையும் தெருப் பையன்கள் புதைத்தார்கள். என்னைப் போக விடவில்லை. சுட்டுக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டுச் சந்து வழியாக மண் மேட்டை மட்டும் பார்த்தேன்.

பிறகு அமீனாவின் தம்பி வந்தான். ஹிபாவை வாத் மதனி என்ற ஊருக்குக் கூட்டிப்போனான். அங்கே சண்டை இல்லை என்றான். ஹிபா பொத்தான் சரத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். இந்தியத் தூதரகத்து ஆட்கள் எங்களைப் பஸ்ஸில் ஏற்றினார்கள். துறைமுகம். கப்பல். விமானம். கடைசியில் கொல்லிமலைப் பஸ். ஒவ்வொரு வளைவிலும் கயல் வாந்தி எடுத்தாள். அண்ணன் சிவலிங்கம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் அழுதார். நான் பைகளை இறக்கினேன்.

ஜூனில் கயலைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். பலாத் தோட்டத்தில் குரங்கு விரட்ட யாரோ வெடி போட்டார்கள். கயல் மேசைக்கு அடியில் போய்விட்டாள். டீச்சர் தரையில் படுத்துக்கொண்டு அவளோடு பேச வேண்டியிருந்தது. நான் போய்த்தான் வெளியே எடுத்தேன்.

"அவசரமில்லீங்க. கொஞ்ச நாளைக்கு ஊட்டுலயே வெச்சுச் சொல்லிக் குடுங்க. நானும் அப்பப்ப வந்து பாக்கறேனுங்க," என்றார் டீச்சர்.

அப்படி மறுபடி தொடங்கியது. இங்கே பொருளுக்குப் பஞ்சம் இல்லை. முறத்தில் சாமையும் கேழ்வரகும் கலந்து பிரிப்பாள். மரவள்ளிக் கிழங்கைக் குறுக்கே நறுக்கி, எழுத்தை வெட்டிக் கொடுத்தால் செம்மண் குழம்பில் தோய்த்துச் சுவரில் அச்சு வைப்பாள். பச்சை மிளகு ஒரு கிண்ணம், பழுத்தது ஒரு கிண்ணம். கொட்டாங்குச்சியில் தராசு. படிப்பாள். எழுதுவாள். அளப்பாள். எண்ண மாட்டாள்.

"ஏஞ்சாமி, கூடையில எத்தன பலாக்கொட்ட இருக்குது?" என்று அண்ணி கேட்டார்.

கயல் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒரு வருடம் போனது. இன்னும் ஒரு பலாப் பருவம் வந்தது. அண்ணன் நல்லவர். அவருக்குப் பயம்.

"ஏம்மிணி, ஏழு வயசுப் புள்ள ஒண்ணு ரெண்டு சொல்லலீன்னா எப்புடி? கீழ நாமக்கல்ல ஆஸ்டல் இருக்குது. இந்த வருசம் உட்ருவோம். நாலு புள்ளைங்களோட இருந்தா சரியாப் போயிரும்."

"நான் இல்லாத எடத்துல அவ எங்க போயி ஒளிவாண்ணா?"

"நீயும் எத்தன நாளைக்குக் கூடவே உக்காந்திருப்ப?"

அன்று மத்தியானம் வாசலில் பலாக்கொட்டை காயவைத்தோம். கயல் பெரியது, சின்னது என்று பிரித்தாள். நான் கேட்டேன். அதுவரை கேட்டதே இல்லை.

"ஏன் கண்ணு எண்ண மாட்டேங்கற?"

அவள் கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எண்ணுனா வருமில்லம்மா."

"எது?"

"குண்டு. நான் மூடி போட்டேன். நம்பர் சொன்னேன். அப்பறம் அப்பா வரல."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. கோழி ஒன்று கொட்டைகளுக்கு நடுவே நடந்தது. விரட்ட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு வருடமாக அவள் அதை வாய்க்குள் வைத்திருந்தாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் தலையாட்டியிருப்பாள். நம்பியிருக்க மாட்டாள். கையில் எடுத்துச் செய்து பார்க்காத எதையும் அவள் நம்புவதில்லை. அப்படித்தான் வளர்ந்திருக்கிறாள்.

"வா. செஞ்சு பாத்துரலாம்," என்றேன்.

அவளை மடியில் உட்கார வைத்தேன். ஒரு கொட்டையை எடுத்து வைத்தேன். "ஒண்ணு," என்றேன். அவள் உடம்பு கட்டையானது. காத்திருந்தோம். காற்று. அண்ணி உள்ளே பாத்திரம் நகர்த்தினார். ஒன்றும் வரவில்லை. "ரெண்டு." அவள் விரல்கள் என் முழங்கையைப் பிடித்தன. காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. மூன்றையும் நான்கையும் நான் மட்டுமே சொன்னேன். ஐந்தாவது கொட்டையை அவள் வைத்தாள். வாய் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"இப்ப எண்ண வேண்டாம். சும்மா இருக்கலாம்," என்றேன்.

சும்மா இருந்தோம். ரொம்ப நேரம் கழித்துக் கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. நீளமாக. கயல் துள்ளி என் கழுத்தைப் பிடித்தாள். பிறகு கையைத் தளர்த்தினாள். பஸ் மேலேறி வருவதைப் பார்த்தாள்.

"நான் எண்ணவே இல்ல," என்றாள். "ஆனா வந்துருச்சு."

"ஆமா கண்ணு."

"எண்ணாட்டியும் வருமா?"

"எண்ணாட்டியும் வரும். அன்னைக்கும் அப்புடித்தான்."

அவள் யோசித்தாள். மறுபடி செய்து பார்க்கச் சொன்னாள். செய்தோம். அடுத்த நாளும் செய்தோம். அந்த வாரம் முழுக்க அதுதான் பாடம். அண்ணன் தூரத்தில் நின்று பார்த்தார். ஆஸ்டல் பேச்சை எடுக்கவில்லை. ஒரு நாள் அவரே தட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "எண்ணுனியா?" என்றார். "இல்ல மாமா," என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று அவள் முகத்தில் வந்து போனது.

அதற்கும் அடுத்த வாரம். நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் அவள் குரல் கேட்டது. "ஒண்ணு." எட்டிப் பார்த்தேன். தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கொட்டையைத் தள்ளி வைத்தாள். "அப்பா ஒண்ணு. அமீனா அத்த ரெண்டு." இறந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம். மூன்றாவது கொட்டை கையிலேயே இருந்தது. என்னைப் பார்த்தாள்.

"ஹிபா எந்தப் பக்கம்மா?"

ஹிபா போன ஊருக்கும் 2023 கடைசியிலேயே சண்டை போய்விட்டது. அமீனாவின் தம்பியின் நம்பருக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். மணி அடிப்பதில்லை.

"தெரியலீயே சாமி," என்றேன்.

கயல் அந்தக் கொட்டையை எந்தப் பக்கமும் வைக்கவில்லை. பாவாடையில் முடிந்துகொண்டாள்.

இதைப் படிப்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். பஹ்ரியில் இருந்த வீடு போய்விட்டது. அமீனாவின் தையல் மெஷின் போய்விட்டது. எங்கள் கல்யாணப் படம், அவருடைய சட்டைகள், கயல் எடுத்துவராத டம்ளரும் மூடிகளும் அங்கேயே போயின. அவரைப் புதைத்த இடத்தில் அடையாளக் கல் இல்லை. செல்வராசு, ரிக் டிரில்லர், கயலின் அப்பா. அமீனா, தையல்காரி, ஹிபாவின் அம்மா. இரண்டு பேர்.

மூன்று என்று சொல்லக் கயல் விடவில்லை.