சிவப்பு விளக்கு உடனே எரியும்

இந்தப் பாலில்லாத் தே ஓவில் சீனி கொஞ்சம் தூக்கல், ஐயா. பரவாயில்லை, விசாரணைக்குக் கூப்பிட்டும் தேநீர் தந்தீர்களே, குடிக்கிறேன். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற ஆள் நான்.

பாக்கார் ஆராங்கில் எங்கள் கையுறைத் தொழிற்சாலை. அச்சுகளைக் கழுவும் பெட்டிக்குள் உருளைகள் சுழலும், வெளியே தெரியாது. கையுறை சிக்கினால் பெண்கள் நிறுத்தும் பொத்தானை அழுத்துவார்கள். உடனே நான் சி மொழியில் எழுதிய கம்ப்யூட்டர் நிரலுக்கு ஒரு சிக்னல் போகும். அதைப் பிடிக்கும் ஹேண்ட்லர் என்ற நிரல்துண்டு சிவப்பு விளக்கை எரித்து, ‘நிறுத்து’ என்ற குறியாக நிரலுக்குள் ஒரு கொடியை உயர்த்தும். நிரல் கொடியைப் பார்த்து உருளைகளை நிறுத்தும். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் கையை உள்ளே விடுவார்கள்.

பிரேமாவதி அக்கா பொத்தானை எப்போதும் இரண்டு தட்டு தட்டுவார். "தம்பி சசி, ஒன் கம்ப்யூட்டருக்கு நல்லா சொல்லி வையி லா. அக்கா நில்லுன்னா நிக்கணும்." எனக்கென்று நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வைத்திருப்பார்.

மேனேஜர் தர்மலிங்கத்துக்கோ ஒவ்வொரு நிறுத்தமும் வயிற்றெரிச்சல். "நடுவுல நின்னா லைன் பூரா ரிஜெக்ட் லா! யாரு சொன்னாலும் நின்னுருமா ஒன் ப்ரோக்ராம்? முதுகெலும்பே இல்லியா?"

எனக்கில்லை, அது ஊரறிந்தது. நிரலுக்காவது வைப்போமே என்று ஒரே ஒரு வரியைக் கீழே இறக்கினேன். கொடியை இனி ஓடுகிற கழுவல் சுற்று முடிந்த பிறகுதான் நிரல் பார்க்கும்; அதுவரை உருளைகள் நிற்காது. விளக்கை மட்டும் ஹேண்ட்லரிலேயே விட்டேன். அழுத்தியதும் எரியும். விளக்கும் தாமதித்தால் அக்காமார் மனசு கோணுமே. அவர்களிடம் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்கள்.

திங்கள் காலை என் திரையில் சிக்னல் வந்தது. இரண்டு தட்டு. விளக்கு எரிந்தது. பிறகு சிக்னல்கள் வந்துகொண்டே இருந்தன. அக்கா பக்கத்தில் வேலைக்கு நின்ற தேவகி அழுத்தினாளாம். ஹேண்ட்லர் ஒவ்வொன்றையும் மரியாதையாக வாங்கிக்கொண்டது. என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் வாய் திறந்திருந்தது. கை தோள்வரை பெட்டிக்குள்.

உடனே நிறுத்த வேறு வழி இல்லையா என்று நீங்கள் கேட்டது சரிதான். கில் என்று ஒரு சிக்னல் உண்டு. எந்த ஹேண்ட்லராலும் அதைப் பிடிக்க முடியாது. நிரல் அந்த இடத்திலேயே சாகும், உருளையும் நிற்கும். கட்டளையைத் திரையில் அடித்தும் வைத்திருந்தேன். என்டர் மட்டும்தான் பாக்கி.

ஆனால் ஓடுகிற ஒன்றை அப்படி நடுவில் கொல்வது முரட்டுத்தனம், ஐயா. எனக்கு இளகிய மனசு. சுற்று முடியட்டும் என்று காத்திருந்தேன்.