கேட்க ஆள் இருக்கிற சாவு

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை சார். ஒரு அட்டையை மடிச்சு அடியில கொடுத்தா ஆடாம நிக்கும். வேணாம்னா விடுங்க, நான் சமாளிச்சுக்குவேன். கண்ணுல பட்டதைச் சொல்லாம இருக்க எனக்கு வராது. முதியோர் இல்லத்துல ஆயாக்களுக்கெல்லாம் தலைவியா இருந்து இருந்து வந்த குணம் அது. அங்க என்னைப் பெரியக்கான்னுதான் கூப்பிடுவாங்க, மேனேஜர் உட்பட.

தபாலம்மா செத்துப்போன கேஸை மூடப்போறீங்கன்னு கேள்விப்பட்டேன். கவனக்குறைவுன்னு எழுதி, சின்ன ஆயாவை வேலையை விட்டு நிறுத்தினதோட சரின்னு விட்டுட்டீங்களாம். அது தப்பு சார். அதுல கவனக்குறைவே கிடையாது. அவ்வளவு கவனமா நான் என் ஆயுசுல எந்த வேலையும் செஞ்சதில்ல. அதைச் சொல்லத்தான் வந்திருக்கேன். யாரும் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வரல, நானே ரெண்டு பஸ் மாறி வந்தேன்.

முதல்ல தையல்காரர் கதையைச் சொல்லணும், இல்லன்னா உங்களுக்குப் புரியாது. காலைச் சாப்பாடு முடிஞ்சதும் நடக்க முடியாதவங்களைச் சக்கர நாற்காலியில வச்சுப் பின்பக்க முற்றத்துக்குத் தள்ளிட்டுப் போவோம். சிமெண்டுத் தரை, சுத்தி உயரமா சுவர், துணி காயப்போடுற கம்பி, அவ்வளவுதான் அந்த இடம். இளம் வெயில் பட்டா எலும்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. வெளியே கொண்டுபோறவ ஒருத்தி, உள்ளே கொண்டுவர்றவ இன்னொருத்தி. எங்க வழக்கம் அப்படி. வினையே அங்கதான். நான் கொண்டுபோய் விட்டேன், அவ கூட்டிட்டு வந்திருப்பான்னு இவ இருப்பா. இவளே கூட்டிட்டு வந்திருப்பான்னு அவ இருப்பா.

போன வெயில் காலத்துல தையல்காரரை அப்படி மறந்துட்டாங்க. யாரு பக்கத்துல போனாலும் சட்டைக் கையைத் தடவிப் பார்த்து, "தையல் சரியில்லையே"ன்னு சொல்ற மனுஷன். சாயங்காலம் துணி எடுக்கப் போனவதான் பார்த்திருக்கா, அதுக்குள்ள உயிர் போயிருந்துது. மேனேஜர் உடனே அவரை உள்ளே கொண்டுவந்து, குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டு, கட்டில்ல படுக்க வச்சாரு. டாக்டர் வந்து வயசாயிடுச்சுன்னு எழுதிட்டுப் போனாரு. அண்ணன் மகன் ஒருத்தன் உண்டு. போன் பண்ணினா, "நீங்களே பார்த்து முடிச்சிடுங்க"ன்னுட்டான். காதும் காதும் வச்ச மாதிரி எல்லாம் முடிஞ்சுது.

எனக்கு வயிறு எரிஞ்சுது சார். மேனேஜர் ரூமுக்குப் போய் நின்னு சண்டை போட்டேன். முற்றத்துக்குன்னு தனியா ஒருத்தியைப் போடுங்க, மேல ஒரு கூரையைப் போடுங்க, கட்டிலுக்குக் கட்டில் மணி வைங்க, ஒரு மாடி முழுக்க ஒரே ஆயான்னா முதுகுப் புண்ணுல சீழ் வடியாம என்ன செய்யும்னு கேட்டேன். "பார்க்கலாம் பெரியக்கா"ன்னாரு. மறுபடி போனேன், அதே பார்க்கலாம். கிணத்துல போட்ட கல்லுதான்.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்னு சொல்வாங்க இல்லையா. எங்க பிள்ளைங்க தொண்டை கிழிய அழுதாலும் அந்தச் சுவரைத் தாண்டாது. வெளியில நின்னு அழ ஒரு ஆள் வேணும். தையல்காரர் செத்ததுல யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்க. பாவம், வீணாப் போச்சு. கேட்க ஆள் இருக்கிற ஒருத்தர் போயிருந்தா மத்தவங்க எல்லாரும் பிழைச்சிருப்பாங்க. இதை யோசிச்சதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் நல்லா வந்துது.

அப்புறம் வேலை செஞ்சுக்கிட்டே ஒவ்வொருத்தரா மனசுல எடுத்துப் பார்த்தேன். பழைய டிரைவருக்கு ஒரு மகன் உண்டு, வெளிநாட்டுல. அவன் மாலை அனுப்புவான், கேள்வி கேட்கமாட்டான். பாட்டு டீச்சருக்கு ஒரு தங்கச்சி, அவளே படுத்த படுக்கை. சுத்திச் சுத்திப் பார்த்தா தபாலம்மாதான் மிச்சம். தபாலாபீஸ்ல கவுண்டர்ல உட்கார்ந்து ரிட்டையர் ஆனவங்க. பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போச்சு, ஆனா புத்தி கத்தி மாதிரி. அவங்க பொண்ணுக்கு வரி ஆபீஸ்ல வேலை. கேள்வி கேட்டே பழகின வாய். ஆபீஸ் விட்டதும் நேரா இல்லத்துக்குத்தான் வருவா, ஒருநாள் தவறமாட்டா. அம்மா நகத்தைப் பார்ப்பா, துண்டை மோந்து பார்ப்பா. அவ செருப்புச் சத்தம் கேட்டாலே ஆயாக்கள் ஓடிப்போய் விரிப்பை மாத்துவாங்க. அதனால அந்த ஒரு கட்டிலுக்கு வெண்ணெய், மத்த கட்டிலுக்கெல்லாம் சுண்ணாம்பு.

பொறாமைன்னு நினைக்காதீங்க. எனக்குத் தபாலம்மாவை ரொம்பப் பிடிக்கும். அங்க இருந்தவங்கள்ல திடமா இருந்தவங்களே அவங்கதான். இன்னும் பல வருஷம் இருந்திருப்பாங்க. அப்படி ஒருத்தங்க போனாத்தானே சார் ஏன்னு கேட்பாங்க.

நல்லா வெயில் கொளுத்துற நாளாப் பார்த்து வச்சேன். நானே தலை சீவிவிட்டேன், நானே தள்ளிட்டுப் போனேன். பிரேக் வலது பக்கம் மட்டும் இருக்கிற நாற்காலி ஒண்ணு எங்ககிட்ட உண்டு, அதைத்தான் எடுத்தேன். பிரேக்கைப் போட்டுட்டுக் கதவைச் சாத்தினேன். தபாலம்மாவை இன்னொரு ஆயா உள்ளே கூட்டிட்டு வருவான்னு சின்ன ஆயாகிட்ட சொன்னேன். அந்த இன்னொருத்திகிட்ட, சின்ன ஆயா அப்பவே கூட்டிட்டு வந்து படுக்க வச்சுட்டான்னு சொன்னேன். ரெண்டு பேரும் சரிக்கான்னுட்டு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. மதியச் சாப்பாட்டைத் தபாலம்மா ரூமுக்கு நானே கொண்டுபோனேன், காலித் தட்டை நானே கழுவினேன்.

சத்தம் போடலையான்னு கேட்கறீங்க. பேச்சு வராதே. இடது கையால நாற்காலிக் கையைத் தட்டினாங்க. கவுண்டர்ல முத்திரை குத்தின கை இல்லையா, ஒரே சீரா விழுந்துது. எனக்குக் கேட்டுது. மத்தவங்களுக்குக் கேட்கவேண்டாம்னு ரேடியோவை வச்சேன்.

நடுவுல ஒருதடவை போய்ப் பார்த்தேன். கதவு திறந்த சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தாங்க. அப்பாடா, வந்துட்டியாங்கற மாதிரி ஒரு முகம். அது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துது, இல்லன்னு சொல்லமாட்டேன். நெத்தியில ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன். திரும்பி வந்து கதவைச் சாத்திட்டு, டிரைவருக்கு மருந்து கொடுக்கப் போனேன்.

உடம்பு மேனேஜர் கண்ணுல முதல்ல பட்டுடக்கூடாது, அதுதான் முக்கியம். தையல்காரரைக் கழுவித் துடைச்சு அழகாப் படுக்க வச்ச ஆள் அவரு. மொட்டைமாடித் தண்ணித் தொட்டி ஒழுகுதுன்னு சொல்லி அவரை மேல அனுப்பினேன். தபாலம்மா பொண்ணு வந்து சேர்ந்தா. கட்டிலைப் பார்த்துட்டு, "அம்மா எங்க பெரியக்கா?"ன்னா. "முற்றத்துல இருக்காங்க போலம்மா, போய்ப் பாரு"ன்னேன். போனா. அவ போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுது. அந்தச் சத்தம்தான் சார் எனக்கு வேண்டியிருந்துது.

அதுக்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பேப்பர்ல வந்துது, அதிகாரிங்க வந்தாங்க, மேனேஜர் ஓடின ஓட்டம் பார்க்கணுமே. இன்னைக்குப் போய்ப் பாருங்க. முற்றத்துக்குக் கூரை இருக்கு. கட்டிலுக்குக் கட்டில் மணி இருக்கு. மாடிக்கு மூணு ஆயா. கொண்டுபோனவளேதான் கொண்டுவரணும்னு உத்தரவு. டிரைவர் முதுகுப் புண்ணு முழுசா ஆறிடுச்சு. பாட்டு டீச்சர் இப்ப சாயங்காலம் பாடறாங்க, கேட்க உட்கார ஆயாக்களுக்கு நேரம் இருக்கு. எத்தனை கூட்டம் போட்டு எத்தனை பேர் பேசினாலும் வராதது ஒரே நாள்ல வந்துது. என்னைக் கொலைகாரின்னு எழுதிக்கோங்க, நான் வேணாம்னு சொல்லல. அந்த டிரைவரையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க.

இப்ப ஏன் வந்தேன்னா, கேஸை மூடப்போறாங்கன்னு தெரிஞ்சதுமே மேனேஜர் பழைய புத்தியைக் காட்ட ஆரம்பிச்சுட்டாரு. புதுசா வந்த ஆயாக்கள்ல ஒருத்தியை நிறுத்திட்டாரு. ரெண்டு மூணு கட்டில்ல மணி அடிக்கல, கேட்டா பார்க்கலாங்கறாரு. கவனக்குறைவுன்னா ஜனங்க மறந்துடுவாங்க. கொலைன்னா மறக்கமாட்டாங்க. மறுபடி பேப்பர்ல வரும், மறுபடி அதிகாரிங்க வருவாங்க. அதனால கொலைன்னே எழுதுங்க. சின்ன ஆயாவைத் திரும்ப வேலைக்கு எடுக்கச் சொல்லுங்க. நல்ல பொண்ணு, சொன்னதை நம்புவா.

என்ன கேட்டீங்க? தபாலம்மா பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேன்னா?

அவளே கேட்டிருக்கா சார். தினமும் கிளம்பும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டு கேட்பா. "பெரியக்கா, மத்தவங்களையெல்லாம் சரியாப் பார்த்துக்கறாங்களா? ஏதாவது குறைன்னா என்கிட்ட சொல்லுங்க, எங்க போய்ப் பேசணுமோ நான் போய்ப் பேசறேன்"னு. ஒரு குறையும் இல்லம்மா, நீ நிம்மதியாப் போய்ட்டு வான்னு சொல்லுவேன். பின்ன என்ன சார், ஆயாக்களுக்குத் தலைவி நான். நான் பார்த்துக்கற இடத்தைப் பத்தி வெளியாள் ஒருத்தர் குறை சொல்ல இதுவரைக்கும் நான் விட்டதில்ல.