ஆட்டு மந்தை, மழைக்கு முன்

— லாரிக்கு முன்னாடி நாற்காலி போட்டு உட்கார்ந்தா என்னக்கா அர்த்தம்?

— உட்கார்ந்திருக்கேன்னு அர்த்தம்.

— புருல் அக்கா, விஷயம் என்னன்னா, மூணு மணிக்குள்ள இந்த லாரி குப்பைமேட்டுக்குப் போயாகணும். கிடங்கை வித்தாச்சு. நாளைக்கு இடிக்க வர்றாங்க.

— போகட்டுமே தாலாய். என் மேல ஏத்திட்டுப் போகட்டும். முப்பத்தஞ்சு வருஷம் இந்த ஸ்டுடியோவுல ஒலிப்பதிவு பண்ணியிருக்கேன். நான் நசுங்குற சத்தம் ஒண்ணுதான் இன்னும் பதிவு பண்ணல.

— யோவ் ஜோல்சு, நீயாவது சொல்லேன்யா.

— நான் லாரிக்காரன் தலைவரே, எனக்கென்ன? போன்னா போவேன், நில்லுன்னா நிப்பேன். ஆனா அக்கா மேல ஏத்துன்னா, சாவியை உங்க கையில குடுத்துட்டு வீட்டுக்கு நடந்துடுவேன்.

— நல்லா சொன்னே போ. அக்கா, இதுல இருக்கறது இசை இல்ல. வெறும் சத்தம். காத்து, மழை, குதிரைக் குளம்பு, கதவு சாத்துறது. இருநூத்துப் பன்னெண்டு டப்பா. இதெல்லாம் இப்ப போன்லயே கிடைக்குது. 'இசை'ன்னு எழுதியிருந்த ஒரு டப்பாவைக்கூட நான் விடல. ஒண்ணொண்ணா துடைச்சு உள்ள வெச்சிருக்கேன். அதுல பொறுக்கித்தான் பன்னெண்டு இசைத்தட்டு போடறோம். 'மறந்துபோன நம்ம பட இசை'ன்னு பேரு.

— பார்த்தேன் உன் பட்டியலை. ரெண்டு தடவை படிச்சேன். சகின்பாய் பேரு எங்க?

— யாரது?

— காது இருக்கா ஜோல்சு? கேட்டுக்கோ. மறந்துபோன இசையைத் தேடிக் கண்டுபிடிக்கிற மகராசன் 'யாரது'ன்னு கேட்கறார்.

— எனக்குந்தான் தெரியாதுக்கா. நான் லாரிக்காரன்.

— உனக்குத் தெரியாட்டி குத்தமில்ல. இவனுக்குத் தெரிஞ்சிருக்கணும். 'ஒன்பதாவது கணவாய்' படத்துக்கு இசை போட்டவன்டா.

— ஓ, அந்தப் படமா? அதை ஃபைல்ல பார்த்தேன். எழுபத்தொன்பதுல நிறுத்தி வெச்ச படம். இசை நாடாவை அழிக்கச் சொல்லி உத்தரவு இருக்கு. அழிச்சாச்சுன்னு கீழே உங்க கையெழுத்தும் இருக்கு.

— உத்தரவுல யார் கையெழுத்து?

— எங்கப்பாவோடது. நான் என்ன மறைச்சேனா? அப்ப அவர் கலைக்குழுத் தலைவர். மேலிடத்துல சொன்னதைச் செஞ்சார். அவரே பெரிய டைரக்டர்க்கா. 'தூரத்து மேய்ச்சல்' படத்துக்கு மாஸ்கோவுல பரிசு வாங்கினவர். அந்த மந்தைக் காட்சியை இன்னிக்கும் காலேஜ்ல பாடமா நடத்தறாங்க.

— தெரியும் தெரியும். அந்த மந்தைக்கு சத்தம் குடுத்ததே நான்தான்.

— அவருக்கும் உசுரு அந்தக் காட்சிதான். கடைசி ஒரு வருஷம் வேற எதையும் பார்க்கல. அந்த நாலு நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவார். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்பார், கண்ணுல தண்ணி ஊத்தும். ஆட்டுக்காரர் மகன் இல்லையா? பொறந்த மேய்ச்சல் நிலம் ஞாபகம் வந்துடுச்சு போல. வீட்ல எல்லாரும் அப்படித்தான் பேசிக்கிட்டோம். சரி, கதை போதும். எழுந்திருங்க.

— எழுந்திருக்கிறேன். அதுக்கு முன்னாடி, ஞாயித்துக்கிழமை வேட்டைக்குப் போனியாமே?

— போனேன். அதுக்கென்ன இப்போ?

— ஜீப்புல என்ன இருக்கு?

— ஏழு கௌதாரி. காலையிலதான் மலையிலேர்ந்து இறங்கினேன், இன்னும் வீட்டுக்கே போகல.

— சிரால்கா!

— ஐயோ அக்கா...

— போச்சு தலைவரே! வசமா மாட்டிக்கிட்டீங்க. வேட்டையாடிட்டு வர்றவனைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொல்லிட்டா கேட்ட பங்கைக் குடுத்தே ஆகணும். குடுக்காதவன் துப்பாக்கி அப்புறம் வாயே திறக்காதுன்னு எங்க தாத்தா சொல்வார்.

— தெரியும்யா, நீ ஒண்ணும் எனக்குப் பாடம் எடுக்காதே. ஒரு கௌதாரி என்ன, ரெண்டா எடுத்துக்குங்கக்கா. கொழுத்ததாப் பார்த்து எடுங்க.

— எனக்குப் பல்லும் இல்ல, கௌதாரியும் வேண்டாம். லாரியில இருக்கறதுல ஒரு டப்பா குடு.

— சிரால்கா வேட்டைக்குத்தான்க்கா. டப்பாவுக்கு எப்படிச் செல்லும்?

— ஒரு கிடங்கையே சுருட்டி லாரி நிறைய ஏத்திட்டு வர்றே. இது வேட்டையில்லாம வேற என்னவாம்?

— அக்கா சொல்றது நியாயம் தலைவரே. நான் லாரிக்காரன், எனக்கென்ன. ஆனா மறுத்துட்டு மறுபடி மலையேறினா நான் உங்க கூட வரமாட்டேன்.

— சரி சரி, எடுத்துத் தொலைங்க. ஒண்ணே ஒண்ணுதான். அதோட இந்த நாற்காலி ஓரமாப் போயிடணும்.

— நூத்திப் பதினெட்டாம் நம்பர். ஜோல்சு, இடது பக்கம், அடியில இருக்கும். பச்சை மையில எழுதியிருக்கும் பாரு.

— இருங்கக்கா... நூத்திப் பதினாறு... பதினேழு... இந்தா. 'ஆட்டு மந்தை, மழைக்கு முன்.'

— ஆடா? அக்கா, இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணது ஒரு டப்பா ஆட்டுக்கா? சொல்லியிருந்தா நானே ரெண்டு ஆடு ஓட்டிட்டு வந்திருப்பேனே!

— சிரி, நல்லா சிரி. மெதுவா என் கையில குடு ஜோல்சு. அதுக்குள்ள பதினோரு பொம்பளைங்க இருக்காங்க.

— என்னக்கா சொல்றீங்க? பயமுறுத்தாதீங்க, நானே ஒண்டியா வண்டி ஓட்டறவன்.

— இந்த ஸ்டுடியோ கேண்டீன்ல மாவு பிசைஞ்சவங்க, தையல் அறையில துணி தைச்சவங்க. பதினோரு பேரு. கூட மூணு மோர்சிங். அவ்வளவுதான் சகின்பாய் கேட்டது. பெரிய வாத்தியக்குழு தர்றோம்னாங்க, வேண்டாம்னுட்டான். 'உங்க வீட்ல யார் யார் தொள்ளாயிரத்துப் பதினாறுல அந்தக் கணவாய்ல செத்தாங்களோ, அவங்க பேரைச் சொல்லி ஒப்பாரி வைங்க, எனக்கு அது போதும்'னான். 

— பதினாறுலயா? ஜார் படைக்குப் பயந்து நம்ம சனம் சீனாப் பக்கம் ஓடுன வருஷமா?

— அதேதான். படம் எடுத்த காலத்துல அதை வாயைத் திறந்து சொல்லக்கூடாது. இந்தப் பொம்பளைங்க ஒன்பது நிமிஷம் சொன்னாங்க. குழந்தை பேரு, மாமியார் பேரு, குதிரை பேருகூடச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தது ஒரு வரி இல்ல. பதிவு முடிஞ்சு நான் மெஷினை நிறுத்த மறந்துட்டேன்டா. வெறும் நாடா ஓடிக்கிட்டே இருக்கு.

— அதைத்தானே அழிக்கச் சொன்னாங்க?

— ஆமா. உங்கப்பா நாடாவைப் போட்டுக் கேட்டார், முகத்துல ஒண்ணும் காட்டல. 'நம்ம நாட்டுல யாரும் அழறதில்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார். சகின்பாய் நரின்ங்கற ஊருக்குப் போயி பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு அக்கார்டியன் சொல்லிக் குடுத்தான். அங்கேயே செத்தான். ஒரு படத்துலயும் அவன் பேரு இல்ல. பன்னெண்டு தட்டு போடறியே, அதுலயும் இல்ல.

— ஆனா நீங்க அழிச்சீங்கதானே? கையெழுத்து...

— அழிச்சேன். பொய்க் கையெழுத்து போடற பழக்கம் எனக்கில்ல. அழிக்கறதுக்கு முன்னாடி அதை ஒரு ஆட்டு மந்தைச் சத்தத்துக்கு அடியில படுக்க வெச்சேன், அவ்வளவுதான். ஒரே நாடாவுல ரெண்டு தடம். மேல்தடத்துல ஆடு கத்தும், அடித்தடத்துல அவங்க அழுவாங்க. சோதனை போட வந்தவங்க ஒவ்வொரு டப்பாவா ஓட்டிக் கேட்டாங்க. இது வந்துச்சு. 'மே'ன்னுச்சு. 'ஆடு'ன்னு எழுதிக்கிட்டுப் போயிட்டாங்க.

— அடேங்கப்பா! அக்கா, உங்க கையைக் குடுங்க, கண்ணுல ஒத்திக்கறேன்.

— இரு, இன்னும் முடியல. அதுக்கப்புறம் எந்த டைரக்டர் ஆட்டுச் சத்தம் கேட்டாலும் இந்த டப்பாவைத்தான் எடுத்துக் குடுத்தேன். வேற பத்து மந்தை கிடங்குல தூங்குச்சு. இந்த ஸ்டுடியோ எடுத்த முப்பத்தோரு படத்துல, ஆடு எங்க கத்தினாலும் அடியில அவங்கதான்.

— அக்கா, ஒரு நிமிஷம். எங்கப்பா படத்துலயுமா?

— உங்கப்பா படத்துலதான் மொதல்ல!

— 'தூரத்து மேய்ச்சல்'லயா? அந்த மந்தைக் காட்சியிலயா?

— ஆமாண்டா! அவர் தடுத்த ஒப்பாரியை அவர் படத்துலயே வெச்சு, அவருக்குப் பரிசும் வாங்கிக் குடுத்தேன். மாஸ்கோவுல கோட்டு போட்டவனெல்லாம் எழுந்து நின்னு கைதட்டினானாம்.

— இது நியாயமாக்கா? எங்கப்பாவை முட்டாளாக்கியிருக்கீங்க. அவர் கண்ணு முன்னாடியே.

— காது முன்னாடியே. ஆமா, ஆக்கினேன். முப்பத்தாறு வருஷமா மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருக்கேன். அவர் சாவுக்கு வந்து, ரொட்டியும் தின்னுட்டு, ஓரமா நின்னு சிரிச்சிட்டுப் போனவ நான். இப்பவும் சொல்றேன், கேட்டுக்கோ. பதிமூணாவது தட்டு போடு. இந்த ஒன்பது நிமிஷம். ஆட்டோடவே போடு. சகின்பாய் பேரும் அந்தப் பதினோரு பொம்பளைங்க பேரும் அட்டையில வரணும். வந்தாத்தான் நாற்காலி நகரும்.

— ஒரு டப்பா குடுத்தா போயிடறேன்னீங்க!

— நீயும் ஒரு டப்பாகூட விடலன்னே.

— தலைவரே, சண்டை அப்புறம் போடலாம். அந்தக் காட்சி என் போன்ல வந்துடுச்சு. வண்டி ஸ்பீக்கர்ல போடறேன், இருங்க. பெரிய ஸ்பீக்கர், மலைப்பாதையில தூக்கம் வராம இருக்க வாங்கினது.

— போடு. எனக்கும் கேட்கணும். இந்தக்கா கதை விடறாங்களான்னு தெரிஞ்சிடும்ல.

— ம்... ஆடு... ஆடு... ஆடு கத்துது... அட! இருங்க இருங்க. பின்னாடி கேக்குது பாருங்க!

— எனக்குக் கேட்கல. காத்து மாதிரி இருக்கு.

— காத்து இல்ல தலைவரே. காத்து மூச்சு வாங்காது. இந்தா... 'போரூசா'ன்னு ஒரு பேரு... இந்தா இன்னொண்ணு. 

— அது போரூசா இல்ல ஜோல்சு, ஊரூசா. உங்கப்பா ஊருப் பொண்ணு தாலாய். அஞ்சு வயசு. பனியில விட்டுட்டு ஓடினாங்க.

— ஊரூசா... எங்கப்பாவோட அத்தை பேரு அது.

— இருக்கும். உங்க ஊர்லேர்ந்து வந்த தையல்காரி ஒருத்தி அந்தக் கூட்டத்துல இருந்தா.

— எங்க வீட்ல அந்தப் பேரை ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கேன்.

— அக்கா, நான் லாரிக்காரன், சத்தம் கித்தம் எனக்குத் தெரியாது. ஆனா லாரிக்கு முன்னாடி பதினாலு வருஷம் ஆடு மேய்ச்சவன். ஒரு சந்தேகம். படத்துல மந்தை கேமராவை உரசிக்கிட்டுப் போகுது. அவ்வளவு கிட்டப் போனா காது அடைச்சுடும். இங்க ஆடு ஏன் இவ்வளவு மெதுவா கத்துது? அக்கரையில மேயற மாதிரி?

— அதைக் கேளு, நல்லாக் கேளு! அது நான் பண்ண வேலை இல்ல. நான் ஆட்டைச் சரியாத்தான் வெச்சிருந்தேன், கணீர்னு. இவங்கப்பா பண்ணின வேலை. படத்துச் சத்தமெல்லாம் சேர்த்துக் கலவை போடுற அன்னிக்கு என் நாற்காலிக்குப் பின்னாடி வந்து நின்னுக்கிட்டார். எல்லாத்துலயும் மூக்கை நுழைக்கிற மனுஷன். 'ஆட்டைக் குறை'ன்னார். குறைச்சேன். 'இன்னும் குறை'ன்னார். எனக்கு ஒரே பயம், இதுக்கு மேல குறைச்சா அடியில இருக்கறது வெளிய வந்துடுமேன்னு. மூணாவது தடவையும் அதையே சொன்னார். ஆட்டுக்காரர் மகனுக்கு மந்தை எப்படிக் கத்தும்னு தெரியல பாருன்னு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. என்னடா அப்படிப் பார்க்கிறே?

— என்ன வார்த்தை சொன்னார்? அதே வார்த்தையா?

— 'ஆட்டைக் குறை, புருல்'னார். ஏன்?

— ஜோல்சு, வண்டியைப் பின்னாடி எடு. எல்லா டப்பாவையும் திரும்ப இறக்கு.

— தலைவரே? என்ன ஆச்சு? உங்களுக்கு என்ன பண்ணுது?

— கடைசி மாசம் படுக்கையில கிடந்தப்ப அந்தக் காட்சி ஓடும்போதெல்லாம் அதையேதான்க்கா சொன்னார். 'ஆட்டைக் குறை, ஆட்டைக் குறை'ன்னு. பாவம், சத்தம் தாங்கலை போலன்னு நாங்க டி.வி.யையே அணைச்சுட்டோம்.