பதினோராவது வரி

விமானத்தில் சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டுகிற பச்சை விளக்கு எரியவில்லை என்றால் முதலில் பல்பைத்தான் பார்க்க வேண்டும், ஐயா. பாதி நேரம் பல்புதான் போயிருக்கும். சக்கரம் ஒழுங்காக இறங்கிப் பூட்டிக்கொண்டிருக்கும்; ஓட்டுகிறவன்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வட்டமடித்துக்கொண்டிருப்பான். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், என்னை அவசரக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது.

நான் விமான மெக்கானிக். பத்தொன்பது வருஷமாக ஒரே கொட்டகை, நாலு பேர் உட்காரக்கூடிய ஒரே சின்ன விமானம். இரண்டும் என் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். ஓட்டுவது அவன், பழுது பார்ப்பது நான். குடியிருக்கிற வீடும் அவனுடையதுதான். மாடியில் அவன், கீழே நாங்கள். காலையில் அவன் காரில் போவேன், சாயங்காலம் அவன் காரில் வருவேன். நாள் முழுக்க நான் தனியாகப் போகிற இடம் கழிவறை ஒன்றுதான். வீட்டோடு மாப்பிள்ளை என்பார்கள். நான் கொட்டகையோடும் மாப்பிள்ளை.

அவன் கெட்டவன் இல்லை. தாராளக் குணம், கலகலப்பான பேச்சு. வாய்தான் கொஞ்சம் நீளம்.

போன வருஷம் ஒரு மதியம் நானும் அவனோடு பறந்தேன். இறங்கும்போது மூன்று பச்சை விளக்கும் எரியவில்லை. நான் யோசிக்கவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற அவசர லீவரை இழுத்துவிட்டேன். அதை இழுத்தால் எண்ணெய் அழுத்தம் மொத்தமும் போய், சக்கரங்கள் தம் எடையிலேயே தொப்பென்று கீழே விழுந்து பூட்டிக்கொள்ளும். பத்திரமாகத்தான் இறங்கினோம். பிறகு பார்த்தால், இறக்கையின் முனை விளக்குகளுக்கான ஸ்விட்ச் போட்டபடியே இருந்திருக்கிறது. அது போட்டிருந்தால் பச்சை விளக்குகள் இரவுக்கு ஏற்ற மாதிரி மங்கிவிடும், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மெக்கானிக்காக இருந்துகொண்டு நான் அதைப் பார்க்கவில்லை. மானம் போயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ‘லீவர் அத்தான்’ என்று பெயர். விமான நிலைய வாசலில் நிற்கிற காவலாளி வரை அப்படித்தான் கூப்பிட்டான். மைத்துனன் ஒரு தாளை நீட்டினான்.

“அத்தான், என்னென்ன பாக்கணும்னு வரிசையா எழுதுங்க. லீவர் கடைசி. மத்த எல்லாத்தையும் பாத்து முடிக்காம அது மேல கை வைக்கக் கூடாது. எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

பதினோரு வரி எழுதினேன். அதை அவன் விமானத்துக்குள்ளேயே ஒட்டிவிட்டான். வீட்டில் சொன்னபோது மனைவி, “என் தம்பி சொல்றதுல என்ன தப்பு? வரிசையா பாத்தா கை தேஞ்சிடுமா?” என்றாள். தேயாது. அதுவும் உண்மைதான்.

இன்னொரு விமான நிலையத்திலிருந்து எனக்கு வேலைக்குக் கடிதம் வந்திருந்தது. ஒன்றாம் தேதி அசல் லைசென்ஸோடு வரச் சொல்லியிருந்தார்கள். என் லைசென்ஸ் கொட்டகையில் மைத்துனனின் மேசை டிராயரில் இருந்தது. ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன். “எதுக்கு அத்தான்? இங்கயே பத்திரமா கிடக்கட்டும்” என்றான். மறுபடி கேட்க வேண்டும் என்று கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வேறு எதையாவது கேட்டுவிட்டு வந்துவிடுவேன். மூச்சு முட்டுகிறது என்று சொல்வார்களே, எனக்குப் பத்தொன்பது வருஷமாக அப்படித்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மூன்று வாரமாக ஒரு கோளாறு. சக்கரத்தை உள்ளே மடக்கி வைத்தால், அதை இழுத்துப் பிடிக்கிற எண்ணெய் பம்ப் சும்மா இருக்க வேண்டும். இதில் எங்கேயோ அழுத்தம் கசிந்தது. இடது சக்கரம் மெல்லத் தொங்கி வரும். உடனே பம்ப் தானாக ஓடி, சக்கரத்தை மறுபடி உள்ளே இழுத்து அமுக்கும். விமானத்தை ஜாக்கிகளில் தூக்கி நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தால் அளந்துகொண்டிருந்தேன். சரியாக நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை.

எங்கள் கொட்டகையில் ஒரு விதி உண்டு. கீழே போகிறவன் பம்பின் ஃப்யூஸைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். நான் ஏற்படுத்திய விதி, சுவரில் பெயின்ட்டால் எழுதி வைத்திருக்கிறேன். மைத்துனன் வந்தான். “மூணு வாரமா இதையே நோண்டிட்டிருக்கீங்க. எங்க ஒழுகுதுன்னு நான் காட்றேன், பாருங்க” என்று அப்படியே இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்தான். சக்கரம் ஒரு சாண் தொங்கியிருந்தது. அந்த இடைவெளியில் வலது கையையும் தலையையும் நுழைத்தான்.

கடிகாரத்தில் மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. அவன் கழற்றாமல் விட்ட ஃப்யூஸ் என் கண் முன்னால் இருந்தது. இருபது விநாடி என்பது ஒரு மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தாராளமான நேரம்.

பம்ப் ஓடியது.

தோளும் கழுத்தோரமும் மாட்டிக்கொண்டன. முதலில் அவனால் பேச முடிந்தது. “அத்தான், லீவர இழுங்க” என்றான். நான் தாளைப் பார்த்தேன். அவன் சொன்னபடி அது பதினோராவது வரி.

“வரிசையா வரேன் மச்சான்” என்றேன்.

முதல் வரி, பல்பு. அமுக்கிப் பார்த்தேன், மூன்றும் எரிந்தன. இரண்டாவது, முனை விளக்கு ஸ்விட்ச். அணைத்துத்தான் இருந்தது. மூன்றாவது, ஃப்யூஸ். கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்ததால் திரும்ப மாட்டினேன். அவன் என்னென்னவோ சொல்லிக் கெஞ்சினான். நாலு நிமிஷம் ஆனதும் சக்கரம் கொஞ்சம் தளர்ந்தது, அவன் உடம்பை வெளியே இழுக்கப் பார்த்தான், அதற்குள் பம்ப் ஓடிவிட்டது. இந்த முறை பிடி கழுத்துப் பக்கம் அதிகமாக இருந்தது. நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

ஐந்தாவது வரியில் இருக்கும்போது அவனுக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். குரல் கம்மிப்போய்ச் சொன்னான்: “லைசென்ஸுக்கா அத்தான்? டிராயர நான் பூட்டினதே இல்ல. எடுத்துட்டுப் போங்க.”

போய்ப் பார்த்தேன். டிராயர் விரலால் இழுத்ததும் வந்துவிட்டது. மேலாகவே இருந்தது, அழுக்குப் படாமல் பிளாஸ்டிக் உறை போட்டு. பத்தொன்பது வருஷம் அந்த மேசையைத் தாண்டித்தான் தினமும் கை கழுவப் போயிருக்கிறேன். ஒரு நாள்கூட இழுத்துப் பார்க்கவில்லை.

அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று குறித்து வைக்கவில்லை. அந்த ஒன்றை மட்டும்தான் குறிக்கவில்லை. பம்ப் ஓடுகிற சத்தம் இரண்டு முறை கேட்டது. லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஆறாவது வரியிலிருந்து தொடர்ந்தேன். எண்ணெய் அளவு, குழாய் இணைப்புகள், பாட்டரி. எதையும் விடவில்லை. எட்டாவது வரிக்கு மேல் அவன் பக்கமிருந்து சத்தம் இல்லை.

பதினோராவது வரி வந்தது. லீவரை இழுத்தேன். சக்கரம் விழுந்து பூட்டிக்கொண்டது. கோளாறு, நம்புவீர்களோ என்னவோ, அந்த லீவருக்குக் கீழே இருந்த வால்விலேயே இருந்தது. மோதிரம் அளவு ரப்பர் வளையம் ஒன்று தேய்ந்து போயிருந்தது. அவனை வெளியே இழுத்துப் படுக்க வைத்துவிட்டு, புது வளையம் மாட்டி, சக்கரத்தை மடக்கி ஒரு மணி நேரம் பார்த்தேன். பம்ப் ஒருமுறைகூட ஓடவில்லை. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

விபத்து என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்டீர்கள். என் கையெழுத்துப் போட்ட வேலையில் நான் பொய் எழுதுவதில்லை. ஃப்யூஸைக் கையில் வைத்திருந்துவிட்டுத் திரும்ப மாட்டியது நான்தான். கொன்றது நான்தான்.

ஆனால் ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. அந்த டிராயரை மட்டும் அவன் பூட்டி வைத்திருந்தால், நான் அதை உடைத்து லைசென்ஸை எடுத்துக்கொண்டு, லீவரையும் இழுத்துவிட்டு அன்றைக்கே போயிருப்பேன். அவன் உயிரோடு இருந்திருப்பான். பூட்டாமல் விட்டது அவன் தப்பு.