எடை போட்ட பெட்டி

இல்ல டாக்டர், அவள இப்பவே கூப்பிட வேணாம். கண்ணுல மருந்து விட்டிருக்கு, இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காரணும்னு நர்ஸ் சொன்னாங்க. அதுக்குள்ள நான் ரெண்டு வார்த்த பேசிடறேன். அவ புருஷன்தான். மெடிக்கல் ஷாப்ல வேலை. உங்க கையெழுத்தையே படிக்கிற ஆளுன்னா பாத்துக்கோங்க.

கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டாளா? படிப்பா, படிப்பா. ஆயிரம் மீட்டருக்கு அந்தாண்ட இருக்கிற அட்டையில குறி பாத்து சுடுறவளாச்சே. அட, பயப்படாதீங்க, விளையாட்டுதான். கிளப்பு, லைசென்ஸ் எல்லாம் முறையா இருக்கு.

சுடுறது அவ, குண்டு பொறுக்கிக் குடுக்கிறது நான். கம்பெனிலேர்ந்து நூறு குண்டு வந்தா நூறும் ஒரே மாதிரி இருக்கும்னுதான நினைப்பீங்க? எங்க! ஒவ்வொண்ணா தராசுல வைக்கணும். அரை அரிசி எடை கூடக்கொறைய இருந்தாலும் அது காட்டிக் குடுத்துடும். ஃபேன நிறுத்தணும், ஜன்னலச் சாத்தணும், மூச்சக்கூட அந்தப் பக்கம் திரும்பித்தான் விடணும். அப்புறம் நீளம் பாக்கணும். எடையும் நீளமும் ஒத்துப் போனது ஒரு பெட்டி, ஒத்து வராதது இன்னொரு பெட்டி. அந்தக் கழிச்ச குண்ட, துப்பாக்கியச் சூடேத்த ரெண்டு மூணு சுடுவா, அதோட சரி. மாமியார் தோத்தாங்க போங்க, இப்படியா நொட்ட சொல்லுவீங்கன்னு என்னக் கிண்டல் பண்ணுவா.

சொல்றேன், சொல்றேன், விஷயத்துக்குத்தான் வர்றேன். போன மாசம் தேர்வுப் போட்டி. ஜெயிச்சா டீம்ல எடுத்துப்பாங்க. ரெண்டு வருஷம் வெளிநாட்டு முகாம்லயே இருக்கணும். ஒம்பது வருஷமா அவ காத்துக் கெடந்தது இதுக்குத்தான். அன்னிக்குச் சுட்டா பாருங்க, ஒண்ணு மேல போவுது, ஒண்ணு கீழ போவுது. காத்துன்னா பக்கவாட்டுல தள்ளும். மேலயும் கீழயும் போனா மொதல்ல குண்டத்தான் பாக்கணும், நேத்து சேந்தவனுக்கும் தெரியும். கோச்சும் அதத்தான் சொன்னார், பெட்டியக் கொண்டா பாப்போம்னு. இவ என்ன சொன்னா தெரியுமா? எங்க வீட்டுக்காரர் எடை போட்டது சார், அதுல தப்பே வராது, எனக்குத்தான் கண்ணு போவுதுன்னா. பெட்டிய சந்தேகப்படல டாக்டர். கண்ண சந்தேகப்பட்டா.

அவங்கப்பாவுக்கு நாப்பது வயசுல சுத்தமா பார்வ போயிடுச்சு. இவளுக்கு இப்ப முப்பத்தெட்டு. அன்னிலேர்ந்து வீட்டுக்குள்ள கண்ண மூடிக்கிட்டு நடந்து பழகுறா. கட்டில்லேர்ந்து குழாய்க்கு பதினோரு அடி, அங்கேர்ந்து அடுப்புக்கு ஏழு அடின்னு எண்ணுறா. முந்தாநாள் கதவு நிலையில போய் முட்டிக்கிட்டா, நெத்தி வீங்கியிருக்கே, பாத்திருப்பீங்க. துப்பாக்கிய வித்துடுங்கன்னும் சொல்லிட்டா. என்னால பாக்க முடியல டாக்டர்.

அதான் கேக்குறேன், சின்னதா ஒரு பவர் எழுதிக் குடுத்தா என்ன? பயப்படாதம்மா, உங்கப்பாவுக்கு வந்தது இல்ல, கண்ணாடி போட்டா போதும்னு ஒரே ஒரு வார்த்த.

முடியாதா? தெரிஞ்ச வரைக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிடுவீங்களா? கோவிச்சுக்காதீங்க. நல்ல சேதிதானே, உனக்கு ஏன்யா வேர்க்குதுன்னு கேக்குறீங்க, நியாயம்தான். கண்ணு நல்லா இருக்குன்னு நீங்க சொன்னா, அடுத்தது அவ அந்தப் பெட்டியத்தானே தொறப்பா? கிளப்பு லாக்கர்ல இருக்கு, சாவி அவகிட்ட. மிச்சம் எட்டு குண்டு அப்படியே கெடக்கு. தராசுல வெச்சா முடிஞ்சுது கதை.

அத்தனையும் கழிச்ச குண்டு. நான்தான் மாத்தி வெச்சேன். கை தவறி இல்ல டாக்டர், ஃபேன நிறுத்திட்டு, உக்காந்து, ஒவ்வொண்ணா எடுத்து வெச்சேன். ரெண்டு வருஷம் அவ இல்லாத வீட்ல நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

இருங்க, நர்ஸ் கூட்டிட்டு வந்துட்டாங்க.

வா, வா. ஒண்ணும் தெரியலையா? மருந்துதான், கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுடும். பாத்து, இங்க ஒரு படி இருக்கு. என் கையப் புடிச்சுக்கோ.