துரை தின்ற மான் கறி

தளியிலிருந்து ஓசூர் சந்தைக்குப் போகும் பஸ். எனக்கு முன்னால், நெற்றி நிறைய விபூதியோடு ஓர் அம்மாள் வெண்ணெய்ப் பானையை மடியில் வைத்திருந்தாள். எதிர் சீட்டில் அவளுடைய வாடிக்கைக்காரர், வெள்ளைக்காரத் துரை பங்களாவின் சமையல்காரர்.

“போன வாரம் உன் வெண்ணெயிலதாங்க்கா மான் கறி சுட்டேன்” என்றார் அவர்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கறி வாசனையே படாத வீட்டுக்காரி. இனி இவருக்கு வெண்ணெய் கிடையாது என்றே நினைத்தேன்.

“வெண்ணெய உருக்கினியா?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. அப்பிடியே கல்லுல போட்டு, நொரைக்கும்போதே கறித் துண்ட வெச்சேன்.”

“முருங்க எலயாவது போட்டியா?”

“துரைக்குப் புடிக்காதுக்கா.”

“அடப்பாவி! விடிகாலையில எழுந்து கடைஞ்சு தர்றேன், கருக்கிட்டு வந்து நிக்கிறியே!”

“கருகலக்கா, பொன்னாட்டம் செவந்துது. துரை கறியில பாதிய அப்பிடியே வெச்சிட்டாரு. தட்டுல நின்ன வெண்ணெயத்தான் ரொட்டியால தொடச்சித் தொடச்சித் தின்னாரு.”

அந்த அம்மாள் பானையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

“அப்ப இனிமே மான சுடாம உட்டுறச் சொல்லு தம்பி, பாவம். ரொட்டியும் வெண்ணெயுமே போதும்.”