குசினிக்கு வெட்டுத்துண்டு

எஹலியகொட பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும். அவர் மடியில் புது வீட்டுத் தரைக்கு எடுத்த டைல் ஒன்று.

"என் காலுக்கு மட்டும் வெட்டுத்துண்டா?" என்றாள்.

"மேசன் பாஸ் முன்வாசல்லருந்து கோடு போட்டிருக்காரு. ஹோல்லயும் சாமி ரூம்லயும் முழு டைலு வரும். வெட்டி ஒட்டுறதெல்லாம் கடைசியா குசினியிலதான்."

"ஹோல்ல யாரு நிக்கிறா? தீபாவளிக்கு ஒங்க அக்கா வந்து ஒரு டீ குடிக்கும். விடிய மலைக்குக் கொழுந்தெடுக்கப் போறதுக்கு முன்ன ரொட்டி சுட நிக்கிறது நானு!"

"வர்றவங்க கண்ணுக்கு அழகா இருக்க வேணாமா?"

"அப்ப எனக்குக் கண்ணு இல்லியா? குசினியிலருந்து கோடு போடச் சொல்லுங்க. துண்டெல்லாம் ஒங்க டீவிக்கு அடியில கெடக்கட்டும்."

"சாமி ரூம்லயும் வெட்டு வந்துடுமே?"

"சாமி பேசாம இருந்துக்கும். நான் இருக்க மாட்டேன்."